அமாவாசைக் கணக்கு

நான்தாண்ணே அது.

இல்ல, நீங்க இப்ப பஸ்ஸை விட்டு எறங்கினதும் இந்தத் தகரத்தைப் பார்த்து ஒரு வார்த்தை விட்டீங்களே, "எந்தப் புண்ணியவான்டா வழியே இல்லாம இப்படி அடைச்சு வெச்சிருக்கான்"னு. அந்தப் புண்ணியவான் நான்தான். பையை இப்படிக் கொடுங்க. அட, கொடுங்கண்ணே, தூக்கிட்டு ஓடிட மாட்டேன். இந்த ஆரஞ்சு சட்டையைப் பார்த்தா தெரியலையா? மெட்ரோ வேலையில கொடி காட்டுற ஆளு. ஷிஃப்ட் ரெண்டு மணிக்கே முடிஞ்சுது. ஆஸ்பத்திரிக்குத்தானே? யாரு உள்ள, சம்சாரமா? ஆபரேஷனா? சரி சரி, நல்லபடியா வந்துடுவாங்க. பார்வை நேரம் நாலு மணிக்கு. இப்ப மூணரைகூட ஆகல. மெதுவா நடந்தாலே போதும்.

ஆஸ்பத்திரி எங்கன்னு கேட்டீங்கல்ல? அதோ, தகரத்துக்கு மேல தெரியுது பாருங்க, மஞ்சள் கட்டடம். நேர் எதிர்க்கத்தான். இங்கேயிருந்து ரோட்டைக் கடந்தா நாப்பத்தெட்டு காலடி. எண்ணிப் பார்த்திருக்கேன். இப்ப அங்க போகணும்னா இந்தப் பாரிகேட் ஓரமாவே போயி, அந்தக் கோடியில திரும்பி, அந்தப் பக்கமா அவ்ளோ தூரமும் திரும்ப வரணும். முக்கால் கிலோமீட்டர். ஆட்டோவைக் கூப்பிட்டா வரமாட்டான், அவனுக்குத் திரும்புற இடம் இன்னும் தள்ளி. வந்தாலும் கேக்குற காசுக்கு நடந்துடலாம்னு தோணும். வாங்க. பார்த்து, கம்பி நீட்டிக்கிட்டு இருக்கு. கம்பிக்கு மேல ஒரு சாக்காவது சுத்துங்கடான்னா கேக்க மாட்டானுங்க.

நான் முதல்ல கொடி காட்டுற ஆளு இல்லண்ணே. எண்ணுற ஆளு.

சிரிக்காதீங்க. நெசமாவே அப்படி ஒரு வேலை இருக்கு. தோண்டுறதுக்கு முன்னாடி, எந்த முனையில எத்தனை பேர் நடக்குறாங்க, எத்தனை பேர் ரோட்டைக் கடக்குறாங்கன்னு கணக்கு எடுப்பாங்க. கையில ஒரு சின்ன மிஷின் கொடுப்பாங்க. ஒரு ஆள் கடந்தா கட்டைவிரலால ஒரு அமுக்கு, ஒரு நம்பர் ஏறும். ஒரு கம்பெனி தினக்கூலிக்கு ஆள் எடுத்துச்சு. பேரு எதுக்கு, இப்ப அந்தக் கம்பெனியே இல்ல. பி.காம் ரெண்டு பேப்பர் அரியர், வீட்டுல சும்மா உட்கார்ந்திருந்தேன், போயிட்டேன். எனக்குக் கொடுத்த இடம் இந்தக் காளத்தி தெரு முனை. நீங்க எறங்கினீங்களே, அதே இடம்.

அதுல ஒரு விதி. நெரிசல் நேரத்துல ஒரு மணிக்கு இருநூறு பேருக்கு மேல கடந்தா, தோண்டுற காலம் முழுக்க அங்க ஒரு சந்து விட்டே ஆகணும். ஆறடி அகலம், கீழ இரும்புப் பலகை, ரெண்டு பக்கமும் கொடி காட்ட ஆளு. அதுமட்டும் இல்ல. ஸ்டேஷனுக்கு நாலு வாசல்னு வரைஞ்சு வெச்சிருந்தாங்க. நாலாவது வாசல் இந்தத் தெரு முனையில, லிஃப்டோட. ரயில் ஓட ஆரம்பிச்சப்புறமும், டிக்கெட் எடுக்காமலே கீழ எறங்கி அந்தப் பக்கம் ஏறிடலாம். அந்த வாசலும் இருநூறு பேர் இருந்தாத்தான். இல்லன்னா சுவர்.

காளத்தி தெருவை நீங்க அப்பப் பார்த்திருக்கணும். அறுபது லேத் பட்டறை. எங்க மாமா, அம்மாவோட தம்பி, அங்கதான் இருபத்திரெண்டு வருஷம் மிஷின் ஓட்டினாரு. காலையில எட்டரைக்கு எதிர்ப்பக்கம் பஸ் வந்து நின்னா, ஜனம் கொட்டும். டிபன் பாக்ஸும் கையுமா எல்லாம் இந்தப் பக்கம் ஓடி வரும். அதே நேரத்துல இந்தப் பக்கத்துலேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போற கூட்டம். வேலைக்கு முன்னாடி ஒரு புதன்கிழமை, பழகிக்கோன்னு ஒரு மணி நேரம் உட்கார வெச்சாங்க. ஆம்பளை, பொம்பளை, பசங்க, வயசானவங்க, சுமை தூக்கினவங்கன்னு தனித்தனிக் கட்டம் வேற. கட்டைவிரல் வீங்கிப் போச்சுண்ணே. ஒரு மணி நேரத்துல ஐநூத்திப் பன்னெண்டு. பழகறதுக்கு எழுதின பேப்பர்தானேன்னு சுருட்டித் தூர எறிஞ்சேன்.

எறிஞ்சது மறந்துடுமா? ஐநூத்திப் பன்னெண்டு. எங்க வீட்டு ரேஷன் கார்டு நம்பர்கூட எனக்கு மனப்பாடம் கிடையாது.

சூப்பர்வைசர் நாக்பூர்காரர். நல்ல மனுஷன், தங்கமான ஆளு, ஆனா ஊர் புதுசு. "இந்த வாரம் சனி, ஞாயிறு, கவர்மெண்ட் லீவு தவிர எந்த நாள் வேணா எடுத்துக்கோ, காலை ஏழுலேர்ந்து ராத்திரி ஏழு வரைக்கும் முழுசா உட்காரணும்"னாரு. வைகாசி வெயில். பன்னெண்டு மணி நேரம். விரல் இப்பவே வீங்கியிருக்கு. வீட்டுக்குப் போயி காலண்டரைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை அமாவாசை.

உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, பட்டறைக்காரங்களுக்கு அமாவாசைதான் லீவு. ஞாயித்துக்கிழமைகூட அவசர ஆர்டர்னா ஓட்டுவாங்க. அமாவாசைக்கு மிஷினைத் தொட மாட்டாங்க. முந்தின நாளே துடைச்சு, பொட்டு வெச்சு, பூ சாத்தி, ஷட்டரை எறக்கிடுவாங்க. நாக்பூர் சாருக்கு இது எப்படித் தெரியும்? கவர்மெண்ட் லீவு லிஸ்ட்டுல அமாவாசை கிடையாதே. எனக்குத் தெரியும். எனக்கு நல்லாத் தெரியும்ணே, மாமா மடியில உட்கார்ந்து வளர்ந்தவன். "வெள்ளிக்கிழமை உட்கார்றேன் சார்"னேன். "குட், குட்"னு முதுகுல தட்டிக் கொடுத்தாரு.

வெள்ளிக்கிழமை தெரு துடைச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. குடையை விரிச்சுட்டு, பேப்பரைப் படிச்சுட்டு, சுகமா உட்கார்ந்திருந்தேன். அதிகபட்சம் ஒரு மணிக்கு அறுபத்திமூணு. நாலு மணிக்குக் குடையை மடக்கிட்டேன். மிச்சம் மூணு மணி நேரத்துக்கு காலையில வந்த நம்பரைப் பார்த்து முன்ன பின்ன போட்டு எழுதினேன். கீழ கையெழுத்து, தணிகாசலம்.

நான் எழுதினது பொய் இல்லண்ணே. அன்னைக்கு ஒரு மணிக்கு அறுபத்திமூணு பேர்தான் கடந்தாங்க. லீவு போட்டு வீட்டுல சாப்பிட்டுத் தூங்குறவனை நான் எப்படி எண்ண முடியும்? கண்ணு முன்னாடி நடக்குறவனைத்தானே அமுக்க முடியும்? இதை எனக்கு நானே ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்லிட்டிருந்தேன். பொய் இல்லன்னா எதுக்குடா பத்து தடவை சொல்றன்னு யாரும் கேக்கல, கேக்கறதுக்கு யார்கிட்டயும் சொல்லவும் இல்ல.

ஏய்! ஏய் தம்பி! இது ஆளு நடக்குற வழி, பைக்குக்கு இல்ல! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? பார்த்தீங்களாண்ணே, நடக்கறதுக்குன்னு மூணடி விட்டா அதுலயும் ஓட்டிட்டு வரான். மழை பேஞ்சா இந்த மூணடியும் சேறு. போன ஐப்பசியில ஒரு அம்மா குழந்தையோட வழுக்கி விழுந்துச்சு. நான்தான் ஓடிப் போய்த் தூக்கினேன்.

விஷயத்துக்கு வரேன். எட்டு மாசம் கழிச்சு, அந்த எண்ணுற வேலையும் போயி அலைஞ்சப்ப, மெட்ரோ வேலைக்குக் கொடி காட்ட ஆள் எடுக்குறாங்கன்னாங்க. எந்த இடம்னு கேக்காமயே வந்தேன். கொண்டாந்து இங்க எறக்கிவிட்டான். பார்க்கறேன், தெரு முனையில இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் தகரம். ஒரு சந்து இல்ல. எட்டரை மணிக்கு எதிர்ப்பக்கம் பஸ் வந்து நின்னுச்சு. எறங்கின ஜனம் அப்படியே தகரத்தைப் பார்த்து நின்னுச்சு. அப்புறம் வரிசையா, திட்டிக்கிட்டே, சுத்திக்கிட்டு நடந்துச்சு. எங்க மாமா அந்த வரிசையில வர்றாரு. என்னைப் பார்த்துட்டு, "டேய் தணிகா, உனக்கு இங்கயா வேலை? நல்லதுடா, நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான்"னுட்டுப் போறாரு.

நின்னுக்கோங்க. கால் வலிக்குதா? இல்லன்னா வாங்க.

இந்தக் கான்கிரீட் கட்டை இருக்குல்ல, இதுலதான் ஏகாம்பரம் அண்ணன் உட்காருவாரு. மாமா பட்டறையில ஃபோர்மேனா இருந்தவரு. ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. புதனும் சனியும் ஆஸ்பத்திரியில டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் பண்ணி அனுப்புவாங்க. தெரு உள்ள மூணாவது வீடு. அந்த வீட்டைப் பிடிச்சதே ஆஸ்பத்திரி எதிர்க்க இருக்குன்னுதான். அவர் சம்சாரம் தனபாக்கியம் அக்கா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரும். போறப்ப எப்படியோ வந்துடுவாரு. திரும்பறப்பதான், மிஷின்ல போட்டு எடுத்த மனுஷன் துணி மாதிரி இருப்பாரு, இந்தக் கட்டை வரைக்கும் வந்து உட்கார்ந்துடுவாரு. அரை மணி நேரம் எந்திரிக்க மாட்டாரு. வெயில்னா வெயில், மழைன்னா மழை.

நான் பார்த்துட்டுச் சும்மா இருக்கல, அதைச் சொல்லணும். சொந்தக் காசுல ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கினேன். அகலமா, ஆடாத நல்ல ஸ்டூலு. அவர் வர்ற நேரத்துக்கு எடுத்துப் போடுவேன். தண்ணி பாட்டில் வெச்சிருப்பேன், டாக்டர் அளவா குடிக்கச் சொல்லியிருக்காரு, ரெண்டு மூடிதான் கொடுப்பேன். ஒரு கையை அக்கா பிடிச்சா இன்னொரு கையை நான் பிடிப்பேன். ரெண்டு வருஷம்ணே, புதன், சனி தவறாம. லீவு நாள்லகூட வந்திருக்கேன். இந்தக் காலத்துல யார் செய்வா சொல்லுங்க?

அந்தக்கா சும்மா இருக்காது. கட்டையில உட்கார்ந்துக்கிட்டு தகரத்தைப் பார்த்து, "எவன் இதை இப்படி அடைச்சானோ, அவன் கை வெளங்காம போக. அவன் ஆத்தாவை இப்படி நடக்க வெக்கணும், அப்பத் தெரியும்"னு ஆரம்பிக்கும். அப்படியே என் பக்கம் திரும்பி, "நீ நல்லா இருக்கணும் தம்பி, உன்ன மாதிரி ஒரு புள்ள எனக்குப் பொறக்கல"ன்னு கன்னத்தை வழிச்சு நெட்டி முறிக்கும். ஒரே வாய்ல ரெண்டும். சொல்லிடலாம்னு எத்தனையோ தடவை வாயைத் தொறந்திருக்கேன். ஸ்டூலைக் கழுவி வெக்கிற மாதிரி அந்தப் பக்கம் போயிடுவேன்.

ஒரு தடவை ஏகாம்பரம் அண்ணன் வரல. சனிக்கிழமை. அடுத்த புதனும் வரல. ஓடினேன் வீட்டுக்கு. மூஞ்சியெல்லாம் வீங்கி, மூச்சு வாங்கிக்கிட்டுப் படுத்திருக்காரு. "நடக்க முடியலடா தணிகா, இன்னைக்கு வேணாம்னு விட்டுட்டேன்"ங்கறாரு. ரெண்டு தடவை விட்டா உசுருக்கே ஆபத்துண்ணே. அன்னைக்கு நான்தான் தோள்ல சாச்சுக்கிட்டுத் தூக்கிட்டுப் போனேன். டாக்டர் அக்காவைப் பிடிச்சுத் திட்டின திட்டு இருக்கே, "எதிர்ல இருந்துக்கிட்டு வர முடியாதா உங்களுக்கு?"ன்னாரு. அக்கா வாயே தொறக்கல. நான் பக்கத்துலதான் நின்னேன். நானும் தொறக்கல.

இதுக்கு நடுவுல பட்டறை ஒவ்வொண்ணா கிளம்பிடுச்சு. சரக்கு வண்டி தெருவுக்குள்ள வர முடியல, ஆளுங்களுக்கு நடந்தே பாதி நேரம் போகுது. திருமழிசைப் பக்கம் ஷெட் போட்டுட்டுப் போயிட்டாங்க. எங்க மாமாவும் அங்க போயிட்டாரு. எனக்கு என்ன, காலையில கூட்டம் கொறைஞ்சுது, கொடி பிடிக்கிற கை வலிக்கல. அப்பாடான்னு இருந்துச்சு. வேற ஒண்ணும் தோணல.

இதுதான் அந்தக் கோடி. இங்கதான் நான் நிப்பேன். நில்லுங்க, இப்ப நிக்கிறவன் புதுசு, போன்ல விளையாடிட்டு இருக்கான். டேய், கொடியை எடுடா! ஆளு நிக்கறது தெரியல? ம்... வாங்க, வாங்க, வேகமா. இனிமே அந்தப் பக்கமா திரும்பி நடக்கணும், அவ்ளோதான். பாதி முடிஞ்சுது.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி கதைக்கு ஒரு வழி பொறந்துச்சு. தனபாக்கியம் அக்கா தெருவுல மிச்சம் இருந்தவங்ககிட்ட கையெழுத்து வாங்கி, ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்கி மனு கொடுத்துச்சு. புதுசா ஒரு எஞ்சினியர் மேடம் வந்திருந்தாங்க, நல்ல பொண்ணு. நேர்ல வந்து பார்த்தாங்க. தெரு முனையில குழிக்கு மேல இரும்புப் பலகை போட்டுடலாம், ஒரு பத்து நாள் சந்து தொறந்து விட்டுப் பார்க்கலாம், திரும்ப ஒரு தடவை எண்ணுவோம், இருநூறு தாண்டினா சந்தும் அப்படியே இருக்கும், நாலாவது வாசலையும் லிஃப்டோட கட்டிக் கொடுத்துடலாம், இல்லன்னா அந்த இடத்துல சுவர் வார்த்துடுவோம், அப்புறம் யார் நெனைச்சாலும் முடியாதுன்னு சொன்னாங்க.

எண்ணுறதுக்கு ஆள் வேணும்னு பேச்சு வந்தப்ப நான் கையைத் தூக்கிட்டேன். "எனக்கு அனுபவம் இருக்கு மேடம்"னேன். அண்ணே, சத்தியமா சொல்றேன், கடவுளாப் பார்த்துக் கொடுத்த சந்தர்ப்பம்னு நெனைச்சேன். பண்ணின பாவத்தை அதே கையால கழுவிடலாம்னு. வீட்டுக்குப் போயி காலண்டரை எடுத்தேன். அமாவாசை இல்ல, பௌர்ணமி இல்ல, கிருத்திகை இல்ல, கரிநாள் இல்ல, கல்யாண முகூர்த்தம்கூட இல்ல. மழை வருமான்னும் பார்த்தேன். ஒரு புதன்கிழமை குறிச்சேன். அக்காகிட்ட போயி, "கவலைப்படாதக்கா, இந்தத் தடவை எண்ணுறது உன் தம்பி"ன்னு சொல்லிட்டு வந்தேன். அந்தக்கா அன்னைக்கே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சிருச்சு.

புதன்கிழமை ஆறரைக்கே போயிட்டேன். குடை கொண்டு போகல. வெயில்லயே உட்காரணும்னு இருந்தேன். விரல் வீங்கினா வீங்கட்டும், நல்லா வீங்கட்டும். எட்டரை ஆச்சு. எதிர்ப்பக்கம் பஸ் வந்து நின்னுச்சு. நான் மிஷினைக் கையில பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சே நின்னுட்டேன்.

ரெண்டு பேர் எறங்கினாங்க. அதுல ஒருத்தன் ஆஸ்பத்திரிக்குள்ள போயிட்டான்.

அடுத்த பஸ் வரட்டும்னு இருந்தேன். அதுல ஒருத்தர். அப்பதான் திரும்பி தெருவைப் பார்த்தேன். ரெண்டு வருஷமா நான் முதுகைக் காட்டிக்கிட்டு நின்ன தெரு. ஷட்டர் ஷட்டரா பூட்டு. அமாவாசை மாதிரியே இருக்கு. இன்னைக்கு அமாவாசை இல்லடான்னு எனக்கு நானே சொல்லிக்கறேன். யார் வருவாங்க? யாருக்கு இங்க என்ன வேலை? நடக்க முடியலன்னு கிளம்பினவங்க, பத்து நாள் வழி விட்டிருக்கான்னு திருமழிசையிலேர்ந்து ஓடி வருவாங்களா?

ஒன்பது மணிக்கு ஏகாம்பரம் அண்ணனும் அக்காவும் வந்தாங்க. ரெண்டே முக்கால் வருஷத்துக்கு அப்புறம் மனுஷன் நேரா கடக்குறாரு. பாதியில நின்னு, இரும்புப் பலகை இடுக்கு வழியா கீழ எட்டிப் பார்த்து, "டேய், கீழ அரண்மனை கட்டுறானுங்கடா!"ன்னு சின்னப் புள்ள மாதிரி சிரிக்கறாரு. அந்தப் பக்கம் போயி நின்னு, "தணிகா, இவ்ளோதானாடா தூரம்?"னு கத்தறாரு. அக்கா என்னைப் பார்த்து, "எத்தனை தம்பி ஆச்சு?"ன்னு கேட்டுச்சு. "ஏறும்க்கா, ஏறும்"னேன். ரெண்டு அமுக்கு அமுக்கினேன். ஒரு ஆளுக்கு ஒண்ணுதானே விதி.

சாயந்திரம் கணக்கைப் போட்டேன். அதிகபட்சம் ஒரு மணிக்கு முப்பத்தெட்டு. அமாவாசை அன்னைக்கு வந்ததைவிடக் கம்மி.

மேடத்துக்கு போன் போட்டேன். "நான் வேற சைட்ல இருக்கேன், நீங்களே மொத்தம் எழுதி, கையெழுத்துப் போட்டு பெட்டியில வெச்சிருங்க, காலையில எடுத்துக்கறேன்"னாங்க. சுத்தி ஒரு ஈ காக்கா இல்ல. முப்பத்தெட்டுக்கு முன்னாடி ஒரு ரெண்டு. ஒரே ஒரு ரெண்டு போட்டா இருநூத்தி முப்பத்தெட்டு. பேனா அந்த இடத்துக்கே போயிடுச்சுண்ணே. ரொம்ப நேரம் அங்கயே வெச்சிருந்தேன். அப்புறம் நெனைச்சேன், ஒரு தடவை இந்தப் பேப்பர்ல அயோக்கியத்தனம் பண்ணித்தான் இவ்ளோ பாடு, திரும்பவுமா? இந்தத் தடவையாவது மனுஷனா இருப்போம்னு. உள்ளதை உள்ளபடி எழுதி, கையெழுத்துப் போட்டு, பெட்டியில வெச்சுப் பூட்டினேன். நம்ப மாட்டீங்க, தலைக்குக் குளிச்ச மாதிரி இருந்துச்சு. மூணு வருஷத்துல அன்னைக்குத்தான் மூச்சு ஒழுங்கா வந்துச்சு.

அதே சூட்டோட அக்கா வீட்டுக்குப் போனேன். விளக்கு வெக்கிற நேரம். அவரு கட்டில்ல, அக்கா அவர் காலைப் பிடிச்சு விட்டுட்டிருக்கு. உட்காரச் சொல்லுச்சு, உட்காரல. எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஐநூத்திப் பன்னெண்டு, காலண்டர், குடை, அறுபத்திமூணு, ஒண்ணு விடாம. "நான்தான்க்கா உன்ன நடக்க வெச்சவன்"னேன். அழுதுட்டேன். இன்னைக்கு நம்பர் பத்தலங்கறதையும் சொன்னேன். ஒரு ரெண்டு போட்டிருந்தா போதும், ஆனா திரும்பப் பொய் எழுத மனசு வரல, நேர்மையா எழுதிட்டு வந்திருக்கேன்னும் சொன்னேன். அதைச் சொல்றப்ப, மறைக்காம சொல்றேனே, கொஞ்சம் நிமிர்ந்துதான் நின்னேன். திட்டும், அடிக்கக்கூட செய்யும், கடைசியில "போடா, இப்பவாவது புத்தி வந்துச்சே"ன்னு சொல்லும்னு இருந்தேன். எனக்கு அது போதும்.

ஏகாம்பரம் அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. அக்கா அவர் காலைப் பிடிச்சு விடறதை நிறுத்தல. அப்புறம் தலையைத் தூக்காமயே கேட்டுச்சு.

"எங்களைக் கெடுக்கறதுக்குப் பொய் எழுதத் தெரிஞ்ச கைக்கு, எங்களுக்காக ஒண்ணு எழுதத் தெரியலையா தம்பி?"

நான், "இல்லக்கா, பாவம்..."னு ஏதோ உளறினேன்.

"அன்னைக்கு உன் ஒடம்பு நோவக் கூடாதுன்னு எழுதின. இன்னைக்கு உன் மனசு நோவக் கூடாதுன்னு எழுதியிருக்க. இந்த மனுஷன் நடக்குறானே, அவனை எந்தப் பேப்பர்ல எழுதின நீ? இப்ப வந்து எங்க வீட்டுல அழுவுற. அழுதா உனக்கு லேசாயிடும். போ, போய்ட்டு வா"ன்னுச்சு.

அவ்ளோதான் சொல்லுச்சு. கத்தல, சாபம் விடல. கை வெளங்காம போகன்னு அவ்ளோ நாள் விட்டுச்சே, அதைக்கூட விடல. மறுநாள் காலையில அந்த ஸ்டூல் என் இடத்துல கழுவி வெச்சிருந்துச்சு.

சுவர் வார்த்து ஒரு மாசம் ஆச்சுண்ணே. இதோ, இந்தத் தகரத்துக்குக் கீழதான் வருது. நாலாவது வாசல் இல்ல, லிஃப்ட் இல்ல. மூணாவது வாசல் அந்தக் கோடியில இருக்கு, படிக்கட்டு. ரயில் ஓடினாலும், ரோடு நடுவுல வேலி வந்துடும், ஏகாம்பரம் அண்ணன் நடந்துதான் ஆகணும்.

சரி, வந்துட்டோம். இதுதான் கேட்டு. பொம்பளைங்க வார்டு ரெண்டாவது மாடி, வலது பக்கம். பையைப் பிடிங்க, சாய்ச்சுடாதீங்க, கஞ்சி சிந்திடும். நான் உள்ள வரல. இன்னைக்குப் புதன்கிழமை. அவங்க உள்ளதான் இருப்பாங்க, மிஷினுக்கு முறை வந்து முடிய நாலு மணி தாண்டிடும்.

அந்தக்கா இப்பவும் அதே வழியிலதான் அவரைக் கூட்டிட்டு வருது, வேற வழி ஏது? என்னைத் தாண்டித்தான் போகணும். இன்னைக்குக் காலையிலகூட வந்துச்சு. நான் சிவப்புக் கொடியை நல்லா நீட்டிப் பிடிச்சு எல்லா வண்டியையும் நிறுத்திட்டேன். ரோடு காலியா கிடக்கு. அந்தக்கா நடைபாதை ஓரத்துல அவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது, எறங்க மாட்டேங்குது. "வாக்கா"ங்கறேன், காதுலயே வாங்கல. பின்னாடி பஸ்காரன் ஹார்ன் அடிக்கிறான், நான் எவ்ளோ நேரம்ணே பிடிக்க முடியும்? கொடியை எறக்கிட்டேன். வண்டியெல்லாம் கிளம்பி வேகம் எடுத்தப்புறம்தான், அவர் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, ரோட்டுல காலை வெக்குது.